கூரை வரை எழும்பிய சுவர்

1

போன வாரம் என் தலைக்கு மேல் கூரை இல்லை. பயப்பட வேண்டாம், வீட்டுக்காரர்தான் கழற்றினார். ஹட்டன் மழையில் துருப்பிடித்துச் சல்லடையாகிப்போன தகரங்களை மாற்ற ஒரு வழியாக அவருக்கு மனம் வந்தது. தச்சு பாஸ், நம்மூர்ப் பேச்சில் மேஸ்திரி, ஏறி நின்று வெள்ளிக்கிழமை பழையதைக் கழற்றினார், சனிக்கிழமை புதியதை அடித்தார். முடித்துவிட்டு, கீழே மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைகளைக் காட்டி, "இதையும் திரும்ப அடிக்கவா?" என்று கேட்டார்.

எனக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரின் தலைக்கும் கூரைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைத்திருந்தவை அந்தப் பலகைகள். அவற்றோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அதனால், "முதலாளி வரட்டும்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரர் கண்டிக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார்.

ஊரிலிருந்து எழுதுகிற உறவுக்காரர்கள் எல்லாரும், "இவ்வளவு வருஷமாகிறதே, சிலோனில் சொந்தமாக வீடு கட்டிவிட்டாயா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். இல்லை. வாடகை அறைதான். முதன்முதலாக எடுத்த அதே அறை. அதை எடுத்த கதையையும், எதற்காக எடுத்தேனோ அது நடக்காமல் போன கதையையும் இதுவரை யாருக்கும் முழுதாக எழுதியதில்லை.

2

நான் துறையூர்ப் பக்கம். ஐந்தாவது வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். கால் ஓரிடத்தில் தரிக்காது என்று வீட்டில் ஏசுவார்கள், அது உண்மைதான். மண்டபம் முகாமில் ஊசி போட்டுக்கொண்டு, கப்பலேறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, மாமன் வேலை செய்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். மாமன் மகள் அங்கம்மாவையே எனக்குக் கட்டி வைத்தார்கள்.

தோட்டத்தில் ஆட்கள் இருப்பது லயத்தில். ஒரே நீளக் கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பி, அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை வெறும் வெளி. அந்த வெளியில் எல்லார் வீட்டுப் புகையும் எல்லார் வீட்டுப் பேச்சும் கலந்து போகும். இந்தக் கோடியில் மிளகாய் வறுத்தால் அந்தக் கோடியில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நாலு வீடு தள்ளியிருந்து தீர்ப்பு வரும். புதிதாக வந்தபோது எனக்கு அது பெரிய உபத்திரவமாக இருந்தது.

அதைவிட உபத்திரவம், விடியற்காலைப் பெரட்டு. குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்று பெயர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலைக்கு வேலை என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். என்னை யாரும் அடிக்கவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. சில வருஷங்களுக்கு மேல் அந்த வரிசையில் என்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். பெயரை வெட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பெயர் போனால் லயமும் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. கங்காணி வந்து சொன்னார்.

"தோட்டத்துல பேரு இல்லாத ஆளு லயத்துல தங்க முடியாது பெரியசாமி. சனி, ஞாயிறு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போ."

"கட்டுன பொண்டாட்டி வீட்டுக்கு நான் விருந்தாளியா கங்காணி?"

"நான் என்னப்பா செய்றது? ஒன் மாமனுக்கு மருமகன் வேணும். தொரைக்கு வேல செய்ற ஆளுதானே வேணும்."

அங்கம்மாவுக்குத் தோட்டத்தில் பெயர் இருந்தது. அவள் தன் தகப்பனோடு காம்பராவிலேயே தங்கினாள். நான் ஹட்டனுக்கு இறங்கினேன்.

3

ரொட்டிக் கிடங்கில் கொஞ்ச நாள், பிறகு மரக்கறி லொறியில் கிளீனர். நுவரெலியாவில் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டையும் லீக்ஸும் ஏற்றிக் கொழும்பில் இறக்குவது வேலை. லொறியிலேயே படுத்துக்கொள்வேன். அங்கம்மா கர்ப்பமானதும், அவளைக் கூட்டிவர ஓர் இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

வீடு தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. லயத்தில் காம்பராவைத் துரை கொடுப்பார், வெள்ளையடிப்பதும் அவர்தான், விறகும் அவருடையதுதான். டவுனில் ஒரு தமிழ்க் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தோட்டத்து ஆளா? இன்னைக்கு நீ ஒருத்தன் வருவே, நாளைக்கு லயமே எறங்கி வந்து குந்தும்" என்றார். இன்னொருவர், தாவணி கட்டிய மகள்கள் இருக்கிற வீடு என்றார். மூன்றாமவர் கதவையே சாத்திவிட்டார்.

கடைசியில் ஸ்டேஷனுக்கு மேல் ரோட்டில் சில்லறைக் கடை வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் போனேன். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் அவருடைய விதவை அக்கா இருந்தாள், எல்லாரும் நோனா என்பார்கள். மற்றது காலி.

"தனி ஆளுக்கு நான் குடுக்கிறது இல்ல. பக்கத்துல நம்ம அக்கா இரிக்கிறது. ஒனக்குப் பவுல வருமா?" என்று கேட்டார். மனைவியைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள்.

"வரும் முதலாளி."

"எப்போ?"

"வீடு கிடைச்சதும்."

சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். என் கையில் முதன்முதலாக ஒரு சாவி. லயத்துக் கதவுக்கு நாங்கள் பூட்டுப் போட்டதே கிடையாது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். நடக்கும்போது அது இடித்துக்கொண்டே இருந்தது.

முதல் மழைக்கே கூரை ஒழுகியது. லயத்தில் ஒழுகினால் காலைப் பெரட்டில் சொல்ல வேண்டும், வேறு வழி கிடையாது. ஆகவே விடிந்தும் விடியாததுமாக முதலாளியின் வீட்டு வாசலில் போய், தலைத்துணியை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. பெரட்டில் நாமாகப் பேசக் கூடாது, கேட்டால்தான் சொல்ல வேண்டும். பல் விளக்க வெளியே வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"யாரு செத்தது?"

"யாரும் இல்லீங்க. கூரை ஒழுகுது."

"அதுக்கு ஏன் மரணம் சொல்ல வந்த ஆள் மாதிரி நிக்கிறது? கடைக்கு வந்து சொல்றதுதானே!"

அரிசிக் கூப்பனை டவுனுக்கு மாற்றப் போனபோதும் இதே மாதிரிதான். அரசாங்கக் கந்தோரில் எழுதுகிற கிளாக்கர் வீட்டு விலாசம் கேட்டார். நான் என்னையறியாமல் லயத்தையும் காம்பராவையும் சொன்னேன். "அது தோட்டம். நீ இப்போ எங்க இரிக்கிறே?" என்று மறுபடியும் கேட்டார். இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முதலாளியின் கடையைச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

4

அந்தச் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அங்கம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாடகை எவ்வளவு, கடைத்தெரு பக்கமா என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"மொதலாளியோட அக்கா. சிங்கள நோனா."

"கூப்புட்டா கேக்குமா?"

"நடுவுல சுவரு இருக்கே."

"சுவரு இங்கயுந்தான் இருக்கு. நான் ரெண்டு தரம் இருமுனா பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா சுவத்துக்கு மேல இஞ்சிய நீட்டுது. நீங்க லொறியில ஏறி கொழும்புக்குப் போயிருவீங்க. எனக்கு வலி கண்டுச்சுன்னா யாரக் கூப்புடுறது? சாவியவா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது. "நல்லாக் கேளு அங்கம்மா! சாவி கிடைச்சதுல இருந்து ஒன் புருசன் இடுப்பத் தடவிக்கிட்டேதான் நடக்குறாரு."

மாமன் சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கம்மா சிரிக்கவில்லை.

"நான் வந்தா பேர வெட்டிருவாங்க. அப்புறம் திரும்பி வர எடம் இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன். கூப்புட்டா ஒரு ஆளு கேக்குற வீடுன்னா, பேர வெட்டிக்கிட்டு வாறேன். இல்லேன்னா என்னைய வற்புறுத்தக் கூடாது."

நியாயமான பேச்சு. திரும்பி வந்து என் அறையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். செங்கல் சுவர், அதன் தலையிலிருந்து கூரை வரை பலகை, இடுக்கில்லாமல் அடித்திருந்தார்கள்.

வாடகை வீட்டில் இருந்து பழகியவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அந்தப் பலகையைப் பெயர்ப்பது அடுத்தவர் பொருளை உடைப்பதாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லயத்தில் சுவருக்கு மேலுள்ள வெளி யாருக்கும் தனிச் சொந்தமில்லை. இங்கே யாரோ விவரமில்லாதவன் அதை அடைத்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். லொறியிலிருந்து அலவாங்கு என்கிற கடப்பாரையைக் கொண்டுவந்தேன். தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்தேன். ஒரு பலகை விழுந்ததும் என் தலை சுவருக்கு மேலே வந்துவிட்டது. அந்தப் பக்கம் நோனா தலையை விரித்துப்போட்டுச் சீவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

லயத்தில் சுவருக்கு மேல் முகம் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவதுதான் மரியாதை.

"நோனா, சொகமா?" என்றேன்.

அவள் போட்ட கூச்சலில் கடைத்தெரு முழுவதும் வந்துவிட்டது. முதலாளி படிக்கல்லோடு ஓடிவந்தார்.

"ஒனக்குப் பைத்தியமா? இது நம்ம வீடு! ஒன் தொரையோட லயன் இல்ல!"

"பவுல கூப்புட்டா நோனாவுக்குக் கேக்கணும்னுதான் முதலாளி..."

"பவுல எங்கே? பவுல வராம, பவுலவோட சத்தம் போறதுக்கு மட்டும் வழி வெட்டுறதா?"

கூட்டம் சிரித்தது. வெகுநாள் வரை கடைத்தெருவில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர், "சத்தம் வந்தாச்சா, பவுல வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அன்றே பாஸைக் கூப்பிட்டு, முன்னைவிட நீள ஆணியாக வாங்கிக் கொடுத்துப் பலகைகளைத் திரும்ப அடிக்க வைத்தார் முதலாளி. என்னைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்: "பவுல வந்தா இரு. வராட்டி இடத்தைக் குடு."

5

ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா வந்தாள். புதுப் பானையும் ஒரு போத்தலில் பாலும் கொண்டுவந்திருந்தாள். பஸ் ஏறி வந்த களைப்பில் உட்கார்ந்தவள், முதலில் மேலேதான் பார்த்தாள். நான் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்து சுவரோரம் போய் நின்று, லயத்தில் கூப்பிடுகிற குரலில், "அந்தப் பக்கம் யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

"அக்கா..." என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

நோனா உள்ளேதான் இருந்தாள். நாங்கள் வரும்போது அவள் கதவு திறந்திருந்ததை நான் பார்த்தேன். பலகை கனம், கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அங்கம்மா சற்று நேரம் காதை வைத்து நின்றாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஆளுக்கொரு கோப்பை குடித்தோம்.

"நல்ல வீடுதான்" என்றாள். "சுவரு ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க."

புதுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கடை வாசலைக் கடக்கும்போது முதலாளி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கித்துல் கருப்பட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் தனியாகத் திரும்பியபோது, அவராகவே கேட்டு அவராகவே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போறதுதானே? ஹரி, ஹரி, சரிதான். நல்லது."

நான் தலையாட்டினேன். இப்படி வீடு எனக்கு நிலைத்தது. அதில் வந்து இருக்க வேண்டியவள் வரவில்லை.

6

மகள் சரசு லயத்தில்தான் பிறந்தாள். அன்று நான் கொழும்பில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அங்கம்மா ஒரு குரல்தான் கொடுத்தாளாம், லயமே எழுந்து வந்ததாம். பாக்கியம் அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நான் சனிக்கிழமைகளில் போய் வருகிறவனாகவே ஆனேன். சரசு பேசப் பழகியபோது என் மாமனை அப்பா என்றாள், என்னை டவுனப்பா என்றாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குப் போய் இரண்டு நாள் கூடத் தங்கினால், "டவுனப்பா, எப்ப போவீங்க?" என்று கேட்பாள். அவள் ஒன்றும் துரத்தவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பது மாதிரிதான் கேட்பாள்.

இடையில் நானும் ஊர் சுற்றினேன். திருகோணமலையில் கொஞ்சகாலம், மாத்தளையில் கொஞ்சகாலம். எங்கே போனாலும் இந்த அறையின் வாடகையை மட்டும் நிறுத்தவில்லை, முதலாளியும் பிறகு இடத்தைக் கேட்கவில்லை. துறையூருக்கு ஒரு தடவை போய்வரலாம் என்று விசாரித்தேன். போவதற்கு ஒரு சீட்டு, திரும்பி வருவதற்கு வேறொரு சீட்டு, திரும்ப விடுவார்களா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. விட்டுவிட்டேன். அண்ணன் தன் கடிதத்தில், என் தமிழ் அவருக்குப் பாதிதான் புரிகிறது என்று எழுதியிருந்தார். சரசுவோ நான் பேசினால் சிங்களவர் தமிழ் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். இங்கே பேச்சுத் துணை குறைவு. லொறியில் டிரைவரோடு பேசுவேன், கடையில் முதலாளியோடு பேசுவேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மழைச் சத்தம் மட்டும்தான். லயத்தில் நாலு வருஷம் எந்தச் சத்தத்தை ஏசிக்கொண்டிருந்தேனோ, அதை நினைத்துக்கொண்டு சோறு தின்ற நாட்கள் உண்டு.

நோனாவோடு ஏற்பட்ட மனத்தாங்கல் மெல்ல ஆறிவிட்டது. குழாயடியில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவாள். அதற்கு மேல் இல்லை.

7

சரசு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடிக்கப் போகிறாள். அங்கே அதோடு சரி. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா இல்லாமல் வரமாட்டேன் என்கிறாள் அவள். அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள் அவள் அம்மா. இன்னும் கொஞ்சநாள் போனால் பிள்ளை பெயர் பதிந்து கூடையைத் தூக்கிவிடுவாள். பதிந்த பெயர் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை, பாக்கியம் அக்காவோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள் சரசு. அக்கா சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். பிள்ளை என் அறையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் எனக்கு எடுத்து வைத்தாள். தலைக்கு மேல் புதுத் தகரம். பலகைகள் மூலையில் சாய்ந்திருந்தன. சுவருக்கு மேல் திறந்து கிடந்தது.

அந்தப் பக்கம் நோனா இருமினாள். இத்தனை வருஷத்தில் அந்த இருமலை நான் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சரசுவுக்குத் தெரிந்தது. ரொட்டியை வைத்தபடியே அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

"யாரு இருமுறது? இஞ்சி இருக்கா அங்கிட்டு?"

பிறகு நோனாவின் கடைத்தெருத் தமிழ் வந்தது.

"இஞ்சி இல்ல. நீ யாரு, பிள்ளே?"

"டவுனப்பாவோட மக. பேரு சரசு."

"ஓ! வயித்துல இருந்த பிள்ளை. ஒன் அம்மா அன்னைக்கு வந்து என்னைக் கூப்பிட்டது."

சரசு என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்று பிள்ளை கேட்டாள்.

"கேட்டது. ரெண்டு தரம் கூப்பிட்டது. எனக்கு ஒன் அப்பாவோட கோபம் அப்போ. பேசல்ல." இருமல் வந்து நின்றது. "பிறகு அது வரவே இல்ல. வந்தா பேசலாம்னு இருந்தேன்."

பலகை வழியாகவே கேட்டிருக்கிறது. நீள ஆணி போட்டு அடித்த பலகை வழியாக. இவ்வளவு காலம் நான் அந்தப் பலகையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அக்கா வந்ததும், சரசு அவள் பையிலிருந்த இஞ்சியில் ஒரு விரலை முறித்துத் தேயிலைப் பெட்டியின் மேல் ஏறி நின்று சுவருக்கு மேலாக நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுருங்கிய கை அதை வாங்கிக்கொண்டது. பஸ் ஏறும்போது பிள்ளை சொன்னாள்: "அந்த வீட்டுல ஆளே இல்லேன்னுல்ல அம்மா சொல்லும். இருக்காங்கன்னு போய்ச் சொல்றேன்."

"சொல்லு" என்றேன்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பாஸ் ஆணிப் பொட்டலத்தோடு காத்திருந்தார்.

"பலகையை அடிக்கட்டுமா?" என்று முதலாளி கேட்டார்.

"வேணாம் முதலாளி. திறந்தே இருக்கட்டும்."

"ஏன்?" என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழையது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "பவுல வருமா?"

"வரும் முதலாளி" என்றேன்.

எப்போது என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. பலகைகளைக் கடைக் கிடங்கில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து அடுப்பை மூட்டினேன். விறகு ஈரம். புகை எழும்பி, சுவர்த் தலையைத் தாண்டி மெதுவாக அந்தப் பக்கம் இறங்கியது. நோனா இருமினாள். பிறகு சிங்களத்தில் ஏசத் தொடங்கினாள். கண் எரிகிறதாம், ஈர விறகை எரிக்கிற மனுஷன் உலகத்தில் உண்டா என்றாள். அங்கம்மா வரும்போது சுவருக்கு மேல் கேட்க வேண்டிய சத்தம் இதுதான் என்று, நான் விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.